தன்னை யறிதலும் தலைமையும்

(மந்தைவெளியில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



காரியாலயங்களில் தலைமை வகிப்போர்க்கு வேண்டும் ஒழுக்கங்கள் யாவை என்பது பற்றிப் பேசுமாறு நம் சங்கக் காரியதரிசியார் எம்மைப் பணித்தனர். பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர்க்கு இப்பொருளில் என்ன உரிமை என்று எவரேனும் வினவலாம். ஒருவன் பிறரை ஏவவும் அடக்கவும் முதன்முதலிற் கற்றுக்கொள்ளும் இடம் பள்ளிக்கூடமே என்பது எமது விடை.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். உபாத்தியாயர் இல்லாதபோது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், இளைய பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பதும் அவன் வேலை. மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் இம்முறையின் பயனைச் சென்னையிற் கண்டறிந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். 1789 முதல் 1796 வரையில் எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியொன்றை மேற்பார்த்த அவர், இதனை அங்கே கையாண்டு, 1797-ல் இலண்டனில் இதுபற்றி நூலும் வெளியிட்டார். மேல்நாட்டில் இதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வழங்கியது. இனி, நம்மவர் வாயில் அச்சொல் அடைந்த கதியைப் பாருங்கள். "சட்டாம்பிள்ளைத்தனம் பண்ணாதே" என்று இன்றும் வைகின்றோம். உதவிக்கென ஏற்பட்ட பதவியின் பெயர் செருக்குக்குப் பெயராயிற்று. பிரம்பு கைக்கு வந்தவுடன் உபாத்தியாயரினும் ஓங்கி அடித்த சிறுவர் பலர். ஊர் அதனை மறக்கவில்லை.

இக்கதை நம் சங்கத்துக்கு அயலானதன்று. நம் முன்னோர் இச்சங்கத்தைக் கண்டது எதன்பொருட்டு? நம் பிள்ளைகள் படிக்க வேண்டும், உத்தியோகம் பெறவேண்டும், பிறர் முன்னே கைகட்டி நிற்கும் நிலை ஒழிய வேண்டும் என்பதன்பொருட்டன்றோ? கலியாணச் செலவைக் குறைத்தும் கடைகளில் உண்டியல் வைத்தும் அவர்கள் சேர்த்த பணம் பள்ளிச் சம்பளமாயிற்று, புத்தகமாயிற்று. அதன் பயனாக இன்று நம் பிள்ளைகளிற் பலர் வங்கியிலும் அரசாங்க அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் தரமணிப் பக்கத்துக் கணினிக் கம்பெனிகளிலும் பலரை ஏவும் ஆசனங்களில் அமர்ந்திருக்கின்றனர். ஆசனத்துக்கு முன்னே நின்றவர் ஆசனத்தின்மேல் ஏறினர். மகிழ்ச்சியே! ஆயின், தாத்தா எந்த அதட்டலுக்கு அஞ்சி நின்றாரோ, அதே அதட்டலைப் பேரன் தன் கீழுள்ளோர்மேற் செலுத்துவானாயின், நம் முன்னோரின் உழைப்பு எதற்கு ஆயிற்று? ஆசனம் கைமாறியது, அதட்டல் மாறவில்லை என்றன்றோ முடியும்?

ஆசனம் எவனுக்கும் புதுக் குணத்தைத் தருவதில்லை. முன்பே உள்ள சிறு பழக்கங்களைப் பெரிதாக்கிக் காட்டுகின்றது, அவ்வளவே. வீட்டில் சிடுசிடுப்பவன் சிடுசிடுப்பு வீட்டார் நால்வரை வருத்தும். அவனே மானேஜர் ஆனால் நாற்பதுபேரை வருத்தும். ஆதலின் தலைமைக்குப் பயிற்சி வேண்டுவோன் முதற்கண் தன் அன்றாடப் பழக்கங்களைத் தானே காணக் கற்றல் வேண்டும். இவ்வூர்ப் பெயரில் மந்தையும் உண்டு, வெளியும் உண்டு. ஆடுமாடு மேய்ந்த வெளி என்று பொருள் சொல்வர். மந்தையை ஓட்டுவோனுக்குக் கோல் ஒன்று போதும். மக்கள் மந்தையல்லர், ஓட்டுவோனை அவர்கள் நாள்தோறும் பார்த்துக்கொண்டே யிருக்கின்றனர். அவனோ தன்னைப் பாராதிருக்கின்றான். இடர் இங்கேதான் தோன்றுகின்றது.

இதனைத் திருவள்ளுவனார் எங்ஙனம் முறைப்படுத்தினார் என்பது நோக்கத்தக்கது. பொருட்பாலில் அரசியல் என்னும் இயல் 39-ஆம் அதிகாரம் முதல் 63-ஆம் அதிகாரம் வரை 25 அதிகாரங்களை உடையது. அதில், ஆளைத் தேர்ந்து தெளிதலைக் கூறும் 'தெரிந்து தெளிதல்' 51-ஆம் அதிகாரம். தேர்ந்தவனை வேலையில் நிறுத்துதலைக் கூறும் 'தெரிந்து வினையாடல்' 52-ஆம் அதிகாரம். இவற்றுக்கு முன்னரே 42-ஆம் அதிகாரமாகக் 'கேள்வி'யும், 44-ஆம் அதிகாரமாகக் 'குற்றங்கடித'லும், 45-ஆம் அதிகாரமாகப் 'பெரியாரைத் துணைக்கோட'லும் வைக்கப்பட்டன. என்னை? தலைவன் முதலிற் செவி திறத்தல் வேண்டும். தன்பாலுள்ள குற்றத்தை நீக்குதல் வேண்டும். தன்னை இடித்துரைப்போரை அருகில் வைத்துக்கொள்ளல் வேண்டும். இவை முடிந்த பின்னரே பிறனை ஆராயும் தகுதி அவனுக்கு உண்டாகும். இவ்வைப்புமுறையே ஒரு பாடம். நம் காலத்துத் தலைவர் பலர் 51-ஆம் அதிகாரத்திலிருந்தே படிக்கத் தொடங்குகின்றனர். கோளாறு அதனால் விளைகின்றது.

நூல் வழக்கு இஃதாக, வாழ்ந்து காட்டிய ஒருவரைக் காண்போம். வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. இம்மந்தைவெளியில் பறக்கும் ரயிலேறினால் சிறிது பொழுதிற் சேப்பாக்கம் வரும். அங்கே கடற்கரையை நோக்கி நிற்பது சென்னைப் பல்கலைக் கழகம். அதன் நூலகத்துக்கு 1924 முதல் 1944 வரை தலைவராயிருந்தவர் சீர்காழி இராமாமிர்த அரங்கநாதனார். 1892-ல் சீர்காழியிற் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் கற்று, மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் பின்னர்ச் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் கணித ஆசிரியராயிருந்தவர். நூலகப் பதவியை ஏற்ற சில நாளிலேயே அவருக்கு அது கசந்துவிட்டது. மாணாக்கர் சூழ நின்று பாடஞ் சொன்னவர்க்கு, பேச்சற்ற அலமாரிகளின் நடுவே தனித்திருப்பது சிறைபோலாயிற்று. மீண்டும் ஆசிரியத் தொழிலுக்கே அனுப்பிவிடுமாறு வேண்டிக்கொண்டார். இலண்டனுக்குச் சென்று நூலகத் தொழிலைக் கற்று வருக, அதன் பின்னும் மனம் ஒவ்வாதாயின் பழைய வேலைக்கே திரும்பலாம் என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

இங்கே சிறிது நின்று எண்ணுவோம். பிடிக்காத ஆசனத்தில் அமர்ந்தோர் செய்வது பெரும்பாலும் யாது? சம்பளத்தின்பொருட்டு மனக்கசப்பை விழுங்கிக்கொள்கின்றனர். விழுங்கிய கசப்பைக் கீழுள்ளோர்மேல் உமிழ்கின்றனர். அரங்கநாதனார் அது செய்திலர். தம் உள்ளத்தை உள்ளவாறே கண்டு, மேலோரிடம் வெளிப்படக் கூறினார். அதனினும் அரியது, முப்பத்திரண்டு வயதில், கல்லூரியாசிரியர் என்னும் பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு, மீண்டும் மாணாக்கராய்ப் பலகையில் அமர்ந்தது. தன்னை யறிதல் என்பது கண்ணை மூடிக்கொண்டு செய்யும் யோகம் மட்டுமன்று. 'எனக்கு இது தெரியாது, கற்றுக்கொள்ள வேண்டும்' என்று சொல்லும் துணிவும் அதுவே.

இலண்டனில் பெர்விக் சேயர்ஸ் என்பாரிடம் அவர் பயின்றார். பல நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். சிறுவரும் தொழிலாளரும் தயக்கமின்றி நூலகத்துட் புகுந்து வேண்டியதை எடுத்துப் படிப்பதை ஆங்குக் கண்டார். ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டு, சில தகடுகளையும் திருகாணிகளையும் பலவாறு இணைத்துப் பல உருவங்களை ஆக்குவதுபோல, நூற்பொருள்களையும் கூறுகூறாக்கி இணைத்துப் பகுக்கலாம் என்னும் எண்ணம் பெற்றார். அதுவே 1933-ல் கோலன் பகுப்பு முறை என்னும் நூலாய் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. 1925-ல் திரும்பி வந்தவர் கணித வேலைக்குத் திரும்பவில்லை. அலமாரிகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். வருவோர்க்கு வேண்டும் நூலைத் தேடித் தருவதையே தொழிலாகக் கொண்ட உதவியாளரை அமர்த்தினார்.

எமக்குத் தோன்றுவது இது: அவர் தம் ஆசிரிய உள்ளத்தை விட்டொழிக்கவில்லை, வாசகர் யாவரையும் தம் மாணாக்கராகக் கொண்டார். நூல்கள் காவலிற் கிடப்பதே பெருமை என்னும் எண்ணம் பல நூலகங்களில் நிலவிய காலத்தில், அவர் தம் மேசைக்குப் பின்னிருந்து வாசலை நோக்காமல், வாசலில் நின்று தம் மேசையை நோக்கினார். 1931-ல் அவர் வெளியிட்ட 'நூலகவியலின் ஐந்து விதிகள்' என்னும் நூலின் சாரமும் அதுவே. நூல் பயன்படவேண்டியது, படிப்போனுடைய பொழுதைக் காக்கவேண்டும், நூலகம் வளரும் உயிர் என்பவற்றை அது வற்புறுத்துகின்றது. 'நூல்' என்னுமிடத்தில் நுங்கள் அலுவலகத்துக் காரியத்தை வைத்துப் பாருங்கள். வங்கியிற் பணம் எடுக்க வந்த முதியவளின் பொழுதைக் காக்கின்றோமா? கையெழுத்துக்காகக் காத்திருக்கும் குமாஸ்தாவின் பொழுதைக் காக்கின்றோமா? இவ்வினாக்களைக் கேளாத தலைவன் எவ்வளவு உழைத்தும் பயனில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. 1928-ல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுதற்கு அவர் காரணராயிருந்தார். அடுத்த ஆண்டே நூலகப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கிற்று. தாம் அறிந்ததைப் பூட்டி வைத்துக்கொண்டு 'நான் இல்லாவிடில் இங்கே ஒன்றும் நடவாது' என்று மகிழும் தலைவர் பலர் உளர். அவரோ தம் தொழிலைப் பிறர்க்குக் கற்பித்தார். 1948-ல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியபோது அவர் சென்னைப் பதவியில் இல்லை. ஆயினும் அவர் விதைத்தது விளைந்தது. பிற்காலத்தில் தம் சேமிப்பிலிருந்து 1 இலட்சம் ரூபாவைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அளித்து, நூலகவியற் பேராசிரியர் பதவி ஒன்றைத் தம் மனைவியார் சாரதையம்மையார் பெயரால் நிறுவச் செய்தார்.

அவர்பாற் பின்பற்ற வேண்டாததும் ஒன்று உண்டு. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், விடுமுறையின்றி, இருபதாண்டுக் காலம் அவர் உழைத்தார் என்பர். தம் திருமண நாளிலும் பிற்பகலில் நூலகத்துக்குச் சென்றார் என்றும் சொல்வர். இஃது அவர்க்கு ஏற்ற தவம். நம் இளைஞர் அதனை அளவுகோலாக்கி, தாமும் வீட்டை மறந்து, கீழுள்ளோரையும் இரவு பத்துமணி வரை இருத்தி வைத்தல் தவறு. தலைவன் தனக்கென மேற்கொள்ளும் கடுமையைப் பிறர்மேல் ஏற்றும் உரிமை அவனுக்கு இல்லை. அவர் மணிக்கணக்கை விடுத்து நோக்கைக் கொள்க.

தன்னைக் காணாத தலைமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் இந்நகரமே சான்று. பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் வேலை செய்தோர்க்கு நண்பகலில் உண்பதற்குக் கிடைத்த பொழுது மிகக் குறுகியது. வீட்டுக்குச் சென்று உண்டு திரும்புதல் இயலாது. சிறிது தாமதித்தால் கதவு அடைபடும். அதன்மேல் மேலாளரின் வசைமொழியும் கையோங்குதலும் வேறு. தொழிலாளர் தம் குறையைச் செல்வபதி செட்டியாரிடமும் இராமாநுஜலு நாயுடுவிடமும் சென்று முறையிட்டனர். 1918-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ல் வாடியா தலைவராகவும் திரு. வி. கலியாணசுந்தரனார் உபதலைவர்களுள் ஒருவராகவும் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. இந்தியாவில் முறையாக அமைந்த முதற் தொழிற்சங்கம் அதுவென்பர். கூலி உயர்வு ஒன்றே அதற்குக் காரணமன்று. சோறுண்ணும் பொழுதும் மரியாதையும் காரணமாயின. மேலாளர் ஒருவரேனும் நண்பகலில் தொழிலாளரோடு வாயிற்கதவு வரை நடந்து பார்த்திருந்தால், அக்குறை சில நாளில் விளங்கியிருக்கும். நடந்து பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை.

இனி, நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க பழக்கங்கள் சில கூறுவோம். இவை சிறியன, சிறியவாதலின் எளிதில் தவறவிடப்படுவன.

முதலாவது, நாளுக்கு ஒருமுறை தன் அலுவலகத்துள் அயலான்போல நுழைதல். தனி வாசல் உண்டாயினும் பொது வாசல் வழியே வருக. வருவோர் அமரும் பலகையில் ஐந்து நிமிஷம் அமர்ந்து பார்க்க. மின்விசிறி சுழல்கின்றதா, குடிதண்ணீர் உண்டா, கேட்ட வினாவுக்கு யாரேனும் முகம் நிமிர்த்தி விடை சொல்கின்றனரா என்பன ஆசனத்தில் இருந்து தெரியா.

இரண்டாவது, கேட்டல். கீழுள்ளோன் வந்து பேசும்பொழுது கைபேசியைக் கவிழ்த்து வைக்க. அவன் சொல்லி முடிக்குமுன் விடை கூறாதிருக்க. பாதிப் பேச்சில் குறுக்கிடப்பட்டவன் அடுத்த முறை வாரான். வாராதவனிடமிருந்து உண்மையும் வாராது. தலைவர் பலர் கடைசியிற் செய்தி அறிவோராய் இருப்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, கண்டித்தலைத் தனியிடத்தும் பாராட்டுதலைப் பலர் முன்னும் செய்தல். பெரும்பாலோர் இதனை மாற்றிச் செய்கின்றனர். சினம் மூண்ட இரவில் வாட்ஸாப் குழுவில் நாற்பதுபேர் காண ஒருவனை வைது எழுதுதல் இக்காலத்துப் புதிய பிரம்பு. எழுதியதை அனுப்பாமல் விடியும்வரை வைத்திருக்க. காலையிற் படித்தால், பாதி அடித்துவிடத் தோன்றும்; மறுபாதியை நேரிற் சொல்லத் தோன்றும். 'வெருவந்த செய்யாமை' என்னும் 57-ஆம் அதிகாரத்தையும் 'கண்ணோட்டம்' என்னும் 58-ஆம் அதிகாரத்தையும் வள்ளுவனார் அடுத்தடுத்து வைத்த காரணம் அப்பொழுது விளங்கும்.

நான்காவது, பெயர் சொல்லுதல். கூடத்தைப் பெருக்கும் அம்மையார் பெயரும், வாசற் காவலர் பெயரும், தேநீர் கொணரும் பையன் பெயரும் தலைவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். பிறர் செய்த வேலையை மேலிடத்தில் உரைக்கும்போதும் செய்தவர் பெயரைச் சொல்லுக. பெண்மக்கள் கூறிய யோசனையை ஆடவர் ஒருவர் திரும்பக் கூறியவுடன் அவர்பெயரால் குறித்துக்கொள்ளும் வழக்கம் நம் காரியாலயங்களில் உண்டு. அதனைத் தடுப்பது தலைவன் கடமை.

ஐந்தாவது, மாலைக் கணக்கு. கடைக்காரர் விளக்கை அணைக்குமுன் பெட்டிக் கணக்குப் பார்க்கின்றனர்; நாளெல்லாம் பிறர் மனத்தோடு கொள்வினை கொடுப்பினை செய்தவன் கணக்குப் பாராது வீடு செல்லலாமோ? ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் மூன்று வினாக்களுக்கு விடை எழுதுக: இன்று யாரைக் கடிந்தேன், தகுமோ? இன்று யாருடைய பொழுதை வீணாக்கினேன்? நான் கேட்க விரும்பாத எதனை இன்று எவர் எனக்குச் சொன்னார்? மூன்றாம் வினாவுக்குப் பல நாள் விடை இல்லையாயின், உம்மிடம் உண்மை சொல்ல எல்லாரும் அஞ்சுகின்றனர் என்று அறிக.

இறுதியாக, இச்சபையில் சொல்லுதற்குச் சிறிது கூச்சமுள்ளதும், சொல்லாது விடுதற்கு இயலாததுமாகிய ஒன்றைக் கூறுவோம். நம்மவர் ஒருவர் உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்தவுடன், 'நம்ம ஆள்' என்று நாம் அவர் வீட்டு வாசலில் நிற்கின்றோம். என் மகனுக்கு வேலை, என் மருமகனுக்கு மாற்றல், என் ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து என்று கேட்கின்றோம். மறுத்தாரோ, சாதியபிமானம் இல்லாதவர் என்று தூற்றுகின்றோம். வள்ளுவனார் 'சுற்றந்தழால்' என்று ஓர் அதிகாரம் செய்தாரே என்பர் சிலர். ஆம், அது 53-ஆம் அதிகாரம். 'தெரிந்து வினையாடல்' அதற்கு முன்னது என்பதை மறக்கலாகாது. சுற்றத்தைத் தம் பொருளாற் போற்றுக, ஆசனத்தால் அன்று. ஆசனம் அவருடைய பொருளன்று.

இதன் கேடும் இந்நகரத்தில் கண்கூடு. முன்னர்க் கூறிய அதே ஆலைகளில் 1921-ல் நெடிய வேலைநிறுத்தம் நேர்ந்தபோது, தொழிலாளர் சாதிவாரியாகப் பிளவுண்டனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, உயிர்களும் மாண்டன. ஒரே தறிக்கூடத்தில் உழைத்தவர் ஒருவரையொருவர் பகைவராகக் கண்டனர். ஒரு காரியாலயத்துத் தலைவர் தம்மவர்க்கு ஒரு நீதியும் பிறர்க்கு ஒரு நீதியும் செய்வாராயின், அங்கே தீ எரியாவிடினும் புகை நாள்தோறும் எழும். முதலில் மூச்சு முட்டுவோர் யாவர்? நம்மினும் எளியராய், சங்கமும் சலுகையும் இன்றி, தம் குடும்பத்தில் முதன்முதல் படித்து வந்து சேர்ந்த பிள்ளைகளே. நம் தாத்தாமார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு யாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இரண்டு. ஆசனத்தில் இருக்கும் இளைஞர்களே! உங்கள் முன்னே நடுங்கி நிற்பவனை உங்கள் தாத்தாவாக எண்ணிப் பாருங்கள். குரல் தானே தாழும். ஆசனத்தில் இல்லாத பெரியோர்களே! நம் பிள்ளைகளிடம் சலுகை கேட்டு அவர்கள் நடுவுநிலையைக் கெடாதீர்கள். 'நம் பையனிடம் சென்றால் யார்க்கும் நியாயம் கிடைக்கும்' என்று பிற சாதியார் கூறும் ஒரு சொல், நம் மண்டபத்துக்கு எழுப்பும் ஒரு மாடியினும் பெரிய கட்டடமாகும்.